ரைஃப் பதாவிக்காக எழுதிய கடிதங்கள்: மன்னிப்புச் சபையின் கடித இயக்கம் பற்றி ஒரு மதிப்புரை

சர்வதேச மன்னிப்புச் சபை, நம் ஆட்கள் அம்னெஸ்டி என்றே சொல்வது, நடத்துகிற கடித இயக்கத்தில் நான் பல வருடமாக இருக்கிறேன். கருத்துச் சொன்னதற்காகச் சிறையில் இருக்கிற ஒருவருக்காக, அவரை உள்ளே வைத்திருக்கிற அரசுக்கே கடிதம் எழுத வேண்டும். அதுதான் வேலை. யாருக்கு எழுதுவது, எந்த விலாசம், எந்த மொழியில் எழுதினால் அங்கே படிப்பார்கள், எந்தத் தேதிக்குள் அனுப்புவது, வழக்கு இப்போது எந்த நிலையில் நிற்கிறது என்று எல்லாவற்றையும் சுருக்கமாக எழுதிக் கையில் தந்துவிடுவார்கள். சேர்வதற்குக் காசு இல்லை. தபால் முத்திரை மட்டும் உங்கள் செலவு.

இதில் சேரலாமா, பிரயோசனம் இருக்கிறதா என்று மொன்றியலிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற சிநேகிதர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். சேருங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் எதை எதிர்பார்த்துச் சேர வேண்டும் என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் மனம் விட்டுப்போய் நிறுத்திவிடுவீர்கள், அப்படி நிறுத்தியவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, ரைஃப் பதாவியின் வழக்கை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நான் தொடக்கத்தில் இருந்து பின்தொடர்ந்த வழக்கு அது, இந்தச் சேவையால் எது முடியும் எது முடியாது என்பது அதில் பளிச்சென்று தெரியும். ரைஃப் சவூதி அரேபியாவில் 1984இல் பிறந்தவர். 2008இல் சவூதி தாராளவாதிகளுக்கென்று ஓர் இணையத்தளம் தொடங்கினார். மதமும் அரசும் தனித்தனியாக இருக்க வேண்டும், மதக் காவலர்களுக்கு இவ்வளவு அதிகாரம் கூடாது, மாற்றுக் கருத்துள்ளவர்களும் பேச இடம் வேண்டும் என்ற மாதிரியான விஷயங்கள் அங்கே விவாதிக்கப்பட்டன. 2012 ஜூன் 17 அன்று ஜித்தாவில் அவரைக் கைது செய்தார்கள். சவூதியில் 2007இல் வந்த இணையக் குற்றச் சட்டத்தின் 6ஆவது பிரிவு, பொது ஒழுங்கையும் மத விழுமியங்களையும் பாதிக்கும் எதையும் கணினி வழியே வெளியிட்டால் 5 ஆண்டு வரை சிறை, 30 லட்சம் ரியால் வரை அபராதம் என்கிறது. எதுவும் அதற்குள் அடங்கும். மத நிந்தனை மட்டும் இல்லாமல் மதத்தையே துறந்தவர் என்ற குற்றச்சாட்டையும் அவர்மேல் போடப் பார்த்தார்கள், அதற்கு மரண தண்டனை. நல்லவேளையாக அது நிற்கவில்லை. 2013இல் முதல் தீர்ப்பு, 7 ஆண்டு சிறையும் 600 கசையடியும். மேல்முறையீடு போய், 2014 மே மாதத்தில் திரும்ப வந்த தீர்ப்பு இன்னும் மோசம்: 10 ஆண்டு சிறை, 1000 கசையடி, 10 லட்சம் ரியால் அபராதம், சிறை முடிந்த பிறகு 10 ஆண்டு நாட்டைவிட்டு வெளியேறத் தடை, ஊடகங்களிலும் வேலை செய்யக்கூடாது.

ஆயிரம் அடியையும் ஒரே நாளில் அடித்தால் ஆள் செத்துப்போவார் என்பதால் வாரத்துக்கு 50 அடி, 20 வாரம் என்று பிரித்திருந்தார்கள். 2015 ஜனவரி 9, வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்த கையோடு ஜித்தாவில் அல் ஜஃபாலி பள்ளிவாசலுக்கு முன்னால், சனக்கூட்டத்துக்கு நடுவில் முதல் 50 அடி. அதற்கு இரண்டு நாள் முன்புதான் பாரிஸில் சார்லி ஹெப்டோ என்ற பத்திரிகையின் அலுவலகத்துக்குள் ஆயுததாரிகள் புகுந்து சுட்டிருந்தார்கள், சவூதி அரசும் அதைக் கண்டித்திருந்தது. கசையடியை யாரோ ஒளித்து எடுத்த கைப்பேசிக் காணொளி உலகம் முழுக்கப் பரவியது.

அதற்கு முன்னாலேயே, 2014 டிசம்பரில், மன்னிப்புச் சபையின் ஆண்டிறுதிக் கடித இயக்கத்தில் ரைஃபின் பெயர் இருந்தது. டிசம்பர் 10 மனித உரிமைகள் தினத்தை ஒட்டி ஒவ்வொரு வருடமும் சில வழக்குகளைத் தேர்ந்தெடுத்து, உலகம் முழுக்க இருக்கிற ஆட்களை ஒரே நேரத்தில் எழுதவைக்கிற ஏற்பாடு அது. 2001இல் போலந்தில், வார்சாவில் ஒரு சின்னக் குழு இரவு பகலாக இருந்து கடிதம் எழுதியதில் தொடங்கியது. முதல் வருடம் சில ஆயிரம் கடிதம்தான், இப்போது அது பல லட்சம். அதனால் கசையடிச் செய்தி வெளியே வந்தபோது ரைஃப் யார் என்று தெரிந்த, அவருக்காக ஒரு தடவையாவது பேனா எடுத்த ஆட்கள் ஏற்கனவே எல்லா நாட்டிலும் இருந்தார்கள். புதிதாகக் கூட்டம் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. இந்தச் சேவையின் உண்மையான பலம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். செய்தி சூடாக இருக்கும்போது எல்லோரும் எழுதுவார்கள். செய்தியே இல்லாத மாதங்களில் ஒரு கைதியின் பெயரை யார் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை அடி விழவில்லை. காயம் ஆறவில்லை என்று மருத்துவர் சொன்னதாகக் காரணம். அதற்கடுத்த வெள்ளியும் ஒத்திவைப்பு. இப்படியே தள்ளிப்போய், மிச்சம் இருந்த 950 அடியும் கடைசிவரை விழவே இல்லை. ரத்துச் செய்ததாக எந்த அறிவிப்பும் வரவில்லை, சொல்லப்போனால் 2015 ஜூன் மாதத்தில் உச்ச நீதிமன்றம் தண்டனை முழுவதையும் உறுதிசெய்தது. ஆனாலும் அடிக்கவில்லை. 2020 ஏப்ரலில் நீதிபதிகள் தம் விருப்பப்படி விதிக்கிற கசையடிக்குப் பதிலாக அபராதமோ சிறையோ கொடுக்க வேண்டும் என்று சவூதி உச்ச நீதிமன்றமே அறிவித்தது. நம் கடிதங்கள்தான் இதைத் தடுத்தன என்று என்னால் நிரூபிக்க முடியாது, யாராலும் முடியாது. ஆனால் வாரம் தவறாமல் லண்டனிலும் ஒட்டாவாவிலும் தூதரக வாசல்களில் ஆட்கள் நிற்க, அமைச்சர்களிடம் நிருபர்கள் கேள்வி கேட்க, மூட்டை மூட்டையாகத் தபால் வந்துகொண்டிருக்க, அடிக்கிற கை தயங்கியது என்பதை நான் முழுமனதாக நம்புகிறேன்.

அப்புறம் கசப்பான பாதி. ரைஃப் வெளியே வந்தது 2022 மார்ச் 11. பத்து வருடத் தண்டனையை அவர்களுடைய ஹிஜ்ரி நாட்காட்டிப்படி கணக்குப் போட்டால் அது பெப்ரவரி கடைசியிலேயே முடிந்துவிட்டது. அதாவது ஒரு நாள்கூடக் குறையாமல் முழுத் தண்டனையையும் அனுபவித்துவிட்டுத்தான் வந்தார். எங்கள் லட்சக்கணக்கான கடிதங்களும் கையெழுத்துகளும், ஐரோப்பியப் பாராளுமன்றம் 2015இல் கொடுத்த சாகரவ் பரிசும், அமைச்சர்களின் அறிக்கைகளும் சேர்ந்து ஒரு மாதம் முன்னால்கூட அவரை வெளியே எடுக்கவில்லை. வந்த பிறகும் பயணத்தடை இருக்கிறது, 2032 வரை. மனைவி என்சாஃப் ஹைதரும் மூன்று பிள்ளைகளும் 2013இல் இருந்து இங்கே கியூபெக்கில், ஷேர்புரூக் நகரத்தில் இருக்கிறார்கள். அவர் அங்கே. அகதியாக வந்து குடும்பத்தை ஒன்றுசேர்க்கப் பாடுபட்ட எந்த வீட்டுக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே, இந்தச் சேவை விடுதலை வாங்கிக் கொடுக்கும் என்று எண்ணிச் சேராதீர்கள். உள்ளே இருக்கிறவரைத் தனியாளாக விடாமல் பார்த்துக்கொள்ளும், அடி உதை குறையும், மருத்துவரைப் பார்க்க விடுவார்கள், வீட்டுக்குத் தொலைபேசி எடுக்க விடுவார்கள், சத்தமில்லாமல் காணாமல் போகவைப்பது கஷ்டமாகும். இந்த அளவுக்கு நம்பலாம். 1975இல் டொமினிக்கன் குடியரசில் சிறையில் இருந்த தொழிற்சங்கத் தலைவர் ஹூலியோ தே பெஞ்ஞா வால்தெஸ் இதைச் சொல்லியிருக்கிறார்: உடுப்பில்லாமல் அடைத்துவைத்திருந்தார்கள், முதல் இருநூறு கடிதம் வந்ததும் உடுப்பைத் திருப்பிக் கொடுத்தார்கள், அடுத்த இருநூறு வந்ததும் சிறை அதிகாரி நேரில் வந்து பார்த்தார், கடிதங்கள் நிற்காமல் வர வர மேலிடம் வரைக்கும் போய்க் கடைசியில் விட்டுவிட்டார்கள். எல்லா வழக்கிலும் இப்படி நடக்காது. ஆனால் ஒரு கடிதம் எந்த வழியாக வேலை செய்கிறது என்பது இதில் இருக்கிறது.

என் சித்தப்பா ஒருநாள் நான் எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "பிள்ளை, நீ எழுதுறதை அந்த மன்னர் இருந்து வாசிப்பாரோ?" என்று கேட்டார். "மன்னர் வாசிக்க வேண்டாம் சித்தப்பா, தபால் பிரிக்கிற ஆள் இவ்வளவு வருதே எண்டு மேலே சொன்னால் காணும்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து உறைகளில் விலாசம் எழுதத் தொடங்கினார். ஊரில் தபால் கந்தோரில் வேலை செய்தவர், எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

இனி, எப்படி எழுத வேண்டும் என்று அவர்கள் தரும் ஆலோசனை. இதற்கு முழு மதிப்பெண் போடுவேன். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மரியாதையாக எழுதுங்கள், மன்னர் என்றால் மன்னருக்குரிய விளிப்பு, அமைச்சர் என்றால் அமைச்சருக்குரியது. நீங்கள் யார், என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒரு வரி. கைதியின் முழுப்பெயர், அவருடைய வழக்கு, நீங்கள் என்ன கேட்கிறீர்கள், இதைத் தெளிவாக வைக்க வேண்டும். அந்த நாட்டையோ மதத்தையோ திட்டக்கூடாது. முதலில் எனக்கு இது பிடிக்கவில்லை, ஒருவனைச் சவுக்கால் அடிக்கிற ஆட்சிக்கு எதற்கு மரியாதை என்று இரத்தம் கொதித்தது. ஆனால் கோபத்தில் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போடுவது அவர்களுக்குச் சுலபம், அதையே காட்டி 'பாருங்கள், இவர்கள் நம் மதத்தின் எதிரிகள்' என்று உள்ளே இருப்பவர்மேல் இன்னொரு பழியைப் போடுவதும் சுலபம். எழுதுகிறவரின் ஆத்திரம் தீர்வது முக்கியம் இல்லை. உள்ளே இருக்கிறவருக்கு ஆபத்துக் கூடாமல் இருக்க வேண்டும். அதே காரணத்துக்காகத்தான் ஒரு வழக்கை வெளியே கொண்டுவருவதற்கு முன்னால் கைதியுடைய அல்லது குடும்பத்துடைய சம்மதத்தைப் பார்க்கிறார்கள். உடனே எழுதுங்கள் என்று அவர்கள் அனுப்புகிற அவசர அறிவிப்பு வருகிறதே, அதில் எந்தத் தேதிவரை எழுதலாம் என்று போட்டிருப்பதும் இதனால்தான். அந்தத் தேதிக்குப் பிறகு நிலைமை மாறியிருக்கலாம், பழைய கோரிக்கையோடு ஒரு கடிதம் போனால் கெடுதியாக முடியலாம். 1973இல் பிரேசிலில் கைதான பேராசிரியர் லூயிஸ் பசிலியோ ரோசிக்காக முதல் அவசர அறிவிப்பை அனுப்பினார்கள், ஐம்பது வருடத்துக்கு மேல் செய்து பழகிய வேலை, அந்தப் பக்குவம் தெரிகிறது.

மாதிரிக் கடிதம் ஒன்றும் கூடவே வரும். தயவுசெய்து அதை அப்படியே படியெடுத்து அனுப்பாதீர்கள். எனக்கு இந்தச் சேவையில் இருக்கிற பெரிய குறை இங்கேதான், வசதியாக இருக்கட்டும் என்று இணையத்தில் பெயரைப் போட்டால் போதும், கடிதம் தானாகப் போய்விடும் என்கிற மாதிரி வர வர மாற்றிவிட்டார்கள். கூட்டம் பெருகியது உண்மை. ஆனால் ஒரே வாசகத்தில் பத்தாயிரம் மின்னஞ்சல் வந்தால் ஒரே சொடுக்கில் அழித்துவிடலாம், கையால் எழுதிய உறையை யாராவது ஓர் ஆள் கையில் எடுத்துப் பிரித்தாக வேண்டும். நான் மாதிரியை வாசித்துத் தகவலை எடுத்துக்கொண்டு என் சொல்லில் எழுதுவேன். நீங்கள் ஆசிரியர் என்றால் ஆசிரியராக எழுதுங்கள், தாய் என்றால் தாயாக எழுதுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கையெழுத்து மட்டும் திரட்டுகிற ஒரு தளத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு தடவை கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் நாளுக்கு ஒரு மின்னஞ்சலாக நன்கொடை கேட்டு வந்துகொண்டே இருந்தது, அந்தக் கைதிக்கு என்ன ஆனது என்று மட்டும் கடைசிவரை யாரும் எழுதவில்லை. மன்னிப்புச் சபையும் நன்கொடை கேட்கும்தான். ஆனால் வழக்கு என்னவாயிற்று என்று திரும்பச் சொல்கிறார்கள், நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ.

கெட்ட செய்தி நிறைய வரும். ரைஃபுக்காக வாதாடிய வழக்கறிஞர் வலீத் அபு அல் ஹைரை 2014 ஏப்ரலில் பிடித்தார்கள், 15 ஆண்டு சிறை, அதற்குப் பிறகு இன்னொரு 15 ஆண்டு பயணத்தடை. வாதாடியவருக்குக் கட்சிக்காரரைவிடப் பெரிய தண்டனை. 2018இல் அவரோடு சேர்த்து ரைட் லைவ்லிஹூட் விருது பெற்ற அப்துல்லா அல் ஹமீத், சவூதியில் மனித உரிமை அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர், 2020 ஏப்ரலில் காவலில் இருக்கும்போதே இறந்துபோனார். அவருக்காகவும் எழுதியிருந்தோம். அன்றைக்கு எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

கனடாவில் இருக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு விஷயம். வெளிநாட்டு அரசுக்கு எழுதுவதோடு நம் அரசுக்கும் எழுத வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒட்டாவாவில் பாராளுமன்றத்துக்கு, உங்கள் தொகுதி உறுப்பினர் பெயரைப் போட்டு அனுப்பினால் முத்திரையே தேவையில்லை. சவூதியோடு கனடாவுக்கு வியாபாரம் இருக்கிறது, 2014இல் அறிவித்த கவச வாகன ஒப்பந்தம் மட்டும் ஏறக்குறைய 1500 கோடி டொலர், ஒன்ராறியோவின் லண்டன் நகரத்தில்தான் அந்த வாகனங்கள் செய்கிறார்கள். அதனால் நம் அமைச்சர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால் பத்துத் தடவை யோசிப்பார்கள். 2018 ஆகஸ்டில் வாயைத் திறந்தார்கள். ரைஃபின் சகோதரி சமர் பதாவியைக் கைது செய்ததைக் கண்டித்து, விடுதலை செய்யுங்கள் என்று கனடா வெளியுறவு அமைச்சு ட்விட்டரில் எழுதியது. சவூதி கனடியத் தூதரை வெளியேற்றியது, புதிய வியாபாரத்தை நிறுத்தியது, ரொறன்ரோவுக்கு வரும் தன் விமானங்களை நிறுத்தியது, இங்கே படித்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான சவூதி மாணவர்களைத் திருப்பி அழைத்தது. இரண்டு பக்கமும் தூதர்களைத் திரும்ப அனுப்புவோம் என்று ஒத்துக்கொள்ள 2023 மே மாதம் ஆகிவிட்டது.

இதைக் காட்டி, பகிரங்கமாகச் சத்தம் போட்டால் காரியம் கெடும், கதவுக்குப் பின்னால் மெதுவாகப் பேசுவதுதான் நல்லது என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அதைத் தள்ளிவிடவில்லை. குடும்பத்தார் வேண்டாம் என்றால் வேண்டாம், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் மெதுவாகப் பேசியதால் வெளியே வந்தவர்கள் என்று அவர்கள் காட்டுகிற பெயர்களைப் பார்த்தால், அந்தக் கதவு திறந்ததே வெளியே சத்தம் இருந்ததால்தான். யாருக்கும் தெரியாத ஒரு கைதிக்காக எந்த அமைச்சர் மெதுவாகப் பேசப்போகிறார்? என்சாஃப் ஹைதர் வெளிப்படையாகப் பேசத் தீர்மானித்தார், கசையடி விழுந்த 2015 ஜனவரியில் இருந்து ஷேர்புரூக் நகரசபை முன்னால் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆட்களோடு நின்றார், கியூபெக் குளிரில், ஆண்டுக்கணக்காக. 2021 ஜனவரியில் ரைஃபுக்குக் குடியுரிமை கொடுக்கச் சொல்லிக் கனடியப் பாராளுமன்றக் கீழ்ச்சபை ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. ஓர் ஊரில் ஒரு சின்னக் கூட்டம் வாரம் தவறாமல் நிற்பது அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது.

எழுத்தாளர்களுக்கு மட்டும் வேலை செய்கிற அமைப்பு பென் (PEN) இன்டர்நேஷனல். 1921இல் லண்டனில் தொடங்கியது, சிறையில் இருக்கிற எழுத்தாளர்களுக்கான குழுவை 1960இல் வைத்தார்கள், நவம்பர் 15ஐச் சிறையிலுள்ள எழுத்தாளர் தினமாக 1981இல் இருந்து அனுசரிக்கிறார்கள். கூட்டங்களில் மேடையில் ஒரு நாற்காலியை வெறுமையாக வைத்துவிடுவார்கள், வர முடியாத எழுத்தாளருக்காக. நம் இலக்கியச் சந்திப்புகளில் இதைச் செய்யலாம், ஒரு செலவும் இல்லை, ஏன் செய்யாமல் இருக்கிறோம் என்று எனக்கு ஆதங்கம் உண்டு. கதை கவிதை எழுதுகிறவராக இருந்தால் பென் அமைப்பின் வழியாக எழுதுவது உங்களுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். ஆட்பலம் என்று பார்த்தால் மன்னிப்புச் சபைதான் பெரியது. இரண்டிலும் இருக்கலாம்.

மன்னிப்புச் சபை தடுமாறிய இடங்களையும் சொல்ல வேண்டும். 2021 பெப்ரவரியில் ரஷ்ய எதிரணித் தலைவர் நவால்னிக்குக் கொடுத்திருந்த மனச்சாட்சிக் கைதி, அதாவது வன்முறையில் இறங்காமல் கருத்துக்காக மட்டும் சிறையில் இருப்பவர், என்ற நிலையை, அவர் பழைய காலத்தில் பேசிய வெறுப்புப் பேச்சுக்காகத் திரும்ப எடுத்தார்கள். மே மாதம் மன்னிப்புக் கேட்டு மறுபடி கொடுத்தார்கள். அந்தப் பேச்சு எனக்கும் அருவருப்புத்தான். ஆனால் அவர் சிறையில் இருந்தபோது, அவருடைய எதிரிகள் காத்திருந்த நேரத்தில் அதைச் செய்தது பெரிய பிழை. பிழை என்று ஒத்துக்கொண்டு திருத்தினார்கள் என்பதால்தான் நான் இன்னும் இவர்களோடு இருக்கிறேன்.

இது ஒரு முக்கியமான கேள்வியைக் கிளப்பும். உள்ளே இருக்கிறவர் எழுதியது எனக்குப் பிடிக்காவிட்டால்? எகிப்தின் கரீம் அமேர் என்ற இளைஞர், அலெக்சாந்திரியாக்காரர், அல் அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர், இணையத்தில் எழுதியதற்காக 2007 பெப்ரவரியில் 4 ஆண்டு சிறை போனார், மூன்று வருடம் இஸ்லாமை அவமதித்ததற்கு, ஒரு வருடம் அப்போதைய ஜனாதிபதி முபாரக்கை அவமதித்ததற்கு. அவருக்காக இயக்கம் தொடங்கி நடத்தியவர்களில் முன்னால் நின்றவர்கள் முஸ்லிம் இளைஞர்கள். அவர் தம் மதத்தைப் பற்றி எழுதியது அவர்களை நோகடித்தது, அதைச் சொல்லிக்கொண்டே, அதற்காகச் சிறையில் போடக்கூடாது என்று எகிப்தியத் தூதரகங்களுக்கு முன்னால் ஆட்களைத் திரட்டினார்கள். எனக்குத் தெரிந்த கடித இயக்கங்களில் மிகவும் மதிக்கிறது அதைத்தான். எங்கள் சைவ வீடுகளில், சர்ச்சுகளில், இயக்கத்துப் பழைய ஆட்களிடம் நான் இதைச் சொல்வேன். நமக்குப் பிடித்ததை எழுதியவருக்காக மட்டும் எழுதுவதென்றால் கஷ்டப்பட்டு ஓர் அமைப்பு தேவையில்லை.

இலங்கைக்கு இது எட்டாத விஷயமும் இல்லை. 2019 ஏப்ரலில் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமாரவை முகநூலில் போட்ட ஒரு சிறுகதைக்காகப் பிடித்து நாலு மாதம் உள்ளே வைத்தார்கள். புத்த பிக்குகள் சிலர் முறைப்பாடு கொடுத்தார்கள், இனங்களுக்கு இடையில் பகை மூட்டுவதைத் தடுக்கவென்று இருந்த சட்டத்தையே அவர்மேல் பாய்ச்சினார்கள். மன்னிப்புச் சபை அவரை மனச்சாட்சிக் கைதி என்று அறிவித்து எழுதவைத்தது. ஆகஸ்டில் பிணை, 2021இல் வழக்கில் இருந்து விடுவிப்பு. இன்னொருவர் நம் மொழியில் எழுதும் கவிஞர் அஹ்னஃப் ஜஸீம், மன்னார்க்காரர், 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைது, 2021 டிசம்பரில்தான் பிணை, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. இணையம் அல்ல, ஒரு கவிதைப் புத்தகம்தான் காரணம். அந்த இரண்டு பேருக்காகவும் ஜப்பானிலும் நோர்வேயிலும் பெயர் தெரியாத யாரோ இருந்து எழுதியிருப்பார்கள். சவூதி மனிதருக்கு நீ எதற்கு எழுதுகிறாய் என்று கேட்கிற நம்மவர்களுக்கு நான் சொல்கிற பதில் இதுதான், வேறொன்றும் இல்லை.

எகிப்தின் அலா அப்தெல் ஃபத்தாவைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் கடிதத்தின் எல்லை அங்கே தெரிந்தது. முகநூலில் ஒரு பதிவைப் பகிர்ந்ததற்காக 2021 டிசம்பரில் 5 ஆண்டு. 2019 செப்டம்பரிலேயே பிடித்தவரை, விசாரணைக் காலத்தைக் கணக்கில் சேர்க்காமல், 2024இல் விட வேண்டிய நேரத்தில் விடவில்லை. கடிதங்கள் போய்க்கொண்டே இருந்தன. அவருடைய தாய் லைலா சூயெஃப் சாப்பாட்டை விட்டார், மாதக்கணக்காக, உயிர் போகிற நிலைவரைக்கும். 2025 செப்டம்பரில் ஜனாதிபதி மன்னிப்பில் மகன் வெளியே வந்தார். கடிதம் எழுதுகிற எங்களுக்கு விரல்தான் நோகும். குடும்பம் கொடுக்கிற விலை வேறு, அதை நினைத்துக்கொண்டு எழுத வேண்டும்.

யாருக்கு இந்தச் சேவையைச் சொல்வேன்? மாதத்துக்கு ஓர் அரை மணி நேரம் ஒதுக்கக்கூடிய எவருக்கும். உயர்தரம் படிக்கிற பிள்ளைகளோடு சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது, டிசம்பரில் பள்ளிக்கூடங்களிலும் நூலகங்களிலும் சேர்ந்து எழுதுகிற கூட்டங்கள் நடக்கும், கேட்டுப் பார்த்துப் போகலாம். யாருக்குச் சரிவராது என்றால், சவூதியிலோ அப்படியான வேறு நாட்டிலோ வேலை செய்கிறவர்களுக்கும், அங்கே குடும்பம் இருக்கிறவர்களுக்கும். சொந்தப் பெயரும் விலாசமும் போட்டு அனுப்புகிற கடிதம் இது, உங்கள் ஆட்களுக்கு வினை வரக்கூடும், அதனால் எழுதாமல் விடுவதில் எந்த வெட்கமும் இல்லை. இந்தியாவில் இருக்கிறவர்கள் கவனிக்க, வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டதால் மன்னிப்புச் சபை 2020 செப்டம்பரில் அங்கே வேலையை நிறுத்திவிட்டது, ஆனால் லண்டனில் இருக்கிற தலைமைச் செயலகம் வெளியிடும் அறிவிப்புகளைப் பார்த்து நீங்களாகவே எழுதலாம்.

சவூதியில் இது முடிந்த கதையும் இல்லை. இங்கிலாந்தின் லீட்ஸில் முனைவர் பட்டத்துக்குப் படித்த சல்மா அல் ஷெஹாப், விடுமுறைக்கு ஊருக்குப் போன இடத்தில் ட்வீட்டுகளுக்காகப் பிடிபட்டு 2022இல் 34 ஆண்டுத் தண்டனை பெற்றார், தண்டனை பிறகு குறைக்கப்பட்டு 2025 பெப்ரவரியில் வெளியே வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர் முகமது அல் காம்திக்கு இணையத்தில் எழுதியதற்காக 2023இல் மரண தண்டனையே விதித்தார்கள், பின்னர் அது ரத்தாகி 2024இல் 30 ஆண்டாக மாறியது. 30 ஆண்டு என்பதைக் குறைந்திருக்கிறது என்று சொல்ல வேண்டிய நிலை.

இப்போதே தொடங்க விரும்புகிற கனடாக்காரருக்கு: ஒட்டாவாவில் சவூதித் தூதரகம் சசெக்ஸ் டிரைவில் இருக்கிறது, வலீத் அபு அல் ஹைரின் விடுதலைக்காகவும் ரைஃபின் பயணத்தடையை நீக்கக் கேட்டும் தூதருக்கு எழுதுங்கள், அதற்கு உள்நாட்டு முத்திரை போதும். அதே கடிதத்தின் பிரதி ஒன்றை உங்கள் தொகுதி உறுப்பினருக்கும் வெளியுறவு அமைச்சருக்கும் பாராளுமன்ற விலாசத்துக்கு அனுப்புங்கள். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதலாம். பதில் வந்தால் எறியாமல் எடுத்து வையுங்கள், அடுத்த கடிதத்தை அந்தப் பதிலில் இருந்து தொடங்கலாம்.